நீலத்தொட்டிச் சென்னியப்பன்

நொய்யல் கரையில் கைருதீன் பாயின் சலவைப் பட்டறை நடந்த காலத்தில், சென்னியப்பன் நீலம் பார்த்த துணிதான் வேண்டும் என்று பனியன் கம்பெனிக்காரர்கள் அடம்பிடிப்பார்கள். நீலம் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மெஷினில் பின்னி வரும் துணி அழுக்கு மஞ்சளாக இருக்கும். அதைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தொட்டியில் ஊறப்போட்டு, நாலு தண்ணீரில் அலசினாலும் ஒரு மஞ்சள் சாயல் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். கடைசித் தொட்டியில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து முக்கி எடுத்தால்தான் கண்ணுக்கு வெள்ளை. சிட்டிகை கூடிப்போனால் துணி செத்தவன் நகம் மாதிரி ஆகிவிடும். அந்த அளவு சென்னியப்பனின் விரலில் இருந்தது.

அப்படிப்பட்டவனின் முகமே நீலமாகிப் போனால் ஊர் சும்மா விடுமா? நீலம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆற்றங்கரை முனி அறைந்துவிட்டது என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது! உண்மை தெரிந்தவர்கள் நாலே பேர்: சென்னியப்பன், அவன் மனைவி குப்பாயி, அவள் தம்பி ராசப்பன், கைருதீன் பாய். நாலு பேரும் பதினேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெய்வாத்தாளுக்கு அது தெரிந்துபோகும். தெய்வாத்தாள் சென்னியப்பனின் ஒரே மகள்.

அம்பத்தேழு சித்திரையில் அது ஆரம்பித்தது. உச்சிவெயிலில் பவுடர் தொட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

“இன்னும் வெளுக்கலே.”

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. அவசரமே இல்லாத குரல். எவனோ விளையாடுகிறான் என்று சுற்றும் பார்த்தான். காயப்போட்ட துணிகளைத் தவிர ஆடுவது எதுவும் இல்லை. காதைப் பொத்தினான். பொத்தியபோதுதான் அது இன்னும் துலக்கமாகக் கேட்டது. சரி, வெளுக்கவில்லையாக்கும் என்று துணியை மறுபடி முக்கினான். மறுபடியும் “இன்னும் வெளுக்கலே.” அன்று சாயங்காலம் எடுத்தபோது துணி ஈரக் காகிதம்போலக் கையோடு பிய்ந்து வந்தது.

“என்னப்பா சென்னியப்பா, பனியனுக்குத் துணி கேட்டா விளக்குக்குத் திரி குடுக்கறே?” என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. செம்பில் தண்ணீர் மோந்தால் அதற்குள்ளும் இருந்தது. குப்பாயி மந்திரித்த கயிறு கட்டினாள். கயிறு கட்டிய கையும் தொட்டியைத்தான் கிண்டியது.

பிறகு ஒருநாள் மத்தியானம் குப்பாயி சோற்றுப் போசியோடு பட்டறைக்கு வந்தாள். முன்னால் ஓடிவிட்ட குழந்தையைத் தேடினாள். தெய்வாத்தாளுக்கு அப்போது இரண்டரை வயது. கறுப்பாக, குண்டாக, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் பிள்ளை. சென்னியப்பன் அவளைப் பவுடர் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். கோபமாக இல்லை, வெறியாகவும் இல்லை. புதுத்துணியை நனைப்பதுபோலப் பதமாக, பின்கழுத்தில் ஒரு கை கொடுத்து, மெதுவாக. உதடு மட்டும் அசைந்தது: “ஆச்சு சாமி, ஆச்சு, இன்னொரு முக்கு.”

குப்பாயி போட்ட கூச்சல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டதாம். பாய் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பிள்ளை பிழைத்தது. தண்ணீரில் கரையாமல் கிடந்த பவுடர் கட்டி ஒன்று பின்கழுத்தில் ஒட்டி வெந்திருந்தது. புண் ஆறியபிறகு அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு நின்றது. வழவழவென்று, முடி முளைக்காமல், வெள்ளை வெளேரென்று. “தொட்டீல வுழுந்துட்டா” என்று ஊருக்குச் சொன்னார்கள். மகளுக்கும் அதையே சொன்னார்கள்.

சோறும் தூக்கமும் இல்லாதவனைப் பேய் பிடித்திருக்கிறது, கட்டிப்போட்டு அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள் விஷயம் தெரியாத சொந்தக்காரர்கள். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. கோயமுத்தூரில் மனநோய்க்குப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் தானே அழைத்துப்போனார். டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். குளோர்புரோமசின் என்று பெயர். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த மருந்து. “குரல் நின்னுருமுங்களா?” என்று கேட்டாள் குப்பாயி. “பார்ப்போம்” என்றார் அவர்.

குரல் பட்டென்று நிற்கவில்லை. இதை மட்டும் சென்னியப்பன் பின்னாளில் பாயிடம் சொல்லியிருக்கிறான். அது மெல்ல நடந்து தூரமாகப் போயிற்றாம். முதல் வாரம் பக்கத்துத் தொட்டியிலிருந்து பேசியது. அடுத்த வாரம் கடைசித் தொட்டி. பிறகு படித்துறை. பிறகு ஆற்றைத் தாண்டி அக்கரையில் நின்று, சொல் விளங்காத தூரத்திலிருந்து கூப்பிட்டது. இருபத்தேழாம் நாள் அக்கரையும் ஓய்ந்தது. “ஆனா போகலீங்க பாய். அங்கதான் நிக்குது. வாயை மட்டும் மூடிட்டு நிக்குது” என்றான்.

தினம் மூன்று வேளை மாத்திரை. வாய் உலரும், நடை கொஞ்சம் கட்டை போட்டதுபோல இருக்கும். இருக்கட்டுமே! மகள் வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள், அப்பன் தோளில் தொங்கினாள். அவள் தொங்கும்போதெல்லாம் அவன் கை அவள் பின்கழுத்துக்குப் போகாது. தெரியாமல் பட்டுவிட்டால் தணலைத் தொட்டவன்போல எடுத்துக்கொள்வான்.

ஒன்பது வருஷம் கழித்து முகம் மாறத் தொடங்கியது. முதலில் மூக்கின் மேல் சாம்பல் பூசியதுபோல ஒரு நிறம். பிறகு கன்னம், நெற்றி, புறங்கை. கடைசியில் நாவல்பழத்தைக் கசக்கித் துடைத்ததுபோல ஒரு ஊதாநீலம். சட்டைக்குள் இருந்த உடம்பு மட்டும் பழைய நிறத்தில் இருந்தது. குழந்தைகள் அவனைக் கண்டு அழுதன. டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ் வந்தது.

இங்கேதான் பட்டறைக்காரப் புத்தி வேலை செய்தது. நீலத்தொட்டிக்காரன் நீலமானால் என்ன அர்த்தம்? நீலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். துணியில் நீலம் கூடிவிட்டால் என்ன செய்வார்கள்? வெயிலில் விரித்துப் போடுவார்கள். நாலு நாள் வெயிலில் நீலம் தானாகப் பறந்துவிடும். “அதையே பண்ணு மாமா” என்றான் ராசப்பன். குப்பாயியின் தம்பி அவன். வாய்த் துடுக்கும் யோசனையும் ஏராளம், விவரம்தான் கொஞ்சம் கம்மி. சென்னியப்பனும் தினம் மத்தியானம் துணி காயும் களத்தில், துணிக்கு நடுவே, முகத்தை மேலே காட்டிப் படுத்தான். ஒரு வருஷம் படுத்தான். முகத்தில் வெந்த தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் நீலம் இன்னும் கறுத்தது. அடியும் பட்டுப் புளித்த மாங்காயும் தின்ற கதை.

பாய் மறுபடி கோயமுத்தூருக்கு இழுத்துப்போனார். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“வெயில்ல இருந்தீங்களா?”

“வெயில்லதானுங்க படுத்துட்டிருந்தேன், நீலம் போகட்டும்னு.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். நீலத்தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரைதான் தோலில் தங்கி, வெயில் பட்டு இப்படி நிறம் மாறுகிறது. சீமைப் பத்திரிகையில் இப்போதுதான் எழுதியிருக்கிறார்கள் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஆறு மூலைகொண்ட வளையம் மூன்றை ஒட்டி ஒட்டி வரைந்தார். நடு வளையத்தின் ஒரு மூலையில் புள்ளி வைத்தார்.

“இது கந்தகம். தீக்குச்சியில இருக்கே, அந்தக் கந்தகம். இந்த மூணு வளையத்தை முதல்ல பண்ணினவங்க டாக்டருங்க இல்லை, சாயக்காரங்க. நூல்ல ஏத்தற நீலச்சாயம் அது. அந்தச் சாயம் மலேரியாப் பூச்சியைக் கொல்லுதுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். அப்புறம் வளையத்தை மட்டும் எடுத்து ஆட்டுக்குப் பூச்சி மருந்து பண்ணினாங்க. வளையத்துல வால் ஒண்ணு ஒட்டி மூக்கொழுகலுக்கு மருந்து பண்ணினாங்க. வாலைக் கொஞ்சம் மாத்தினாங்க. ஆபரேஷனுக்கு முன்னால குடுத்துப் பார்த்தா, நோயாளி பயம் இல்லாம அமைதியாப் படுத்திருந்தான். அப்படி வந்ததுதான் உங்க மாத்திரை.”

சென்னியப்பன் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். “அப்ப இதும் ஒரு நீலத்தொட்டி தானுங்களா?” என்றான்.

டாக்டர் சீட்டை வாங்கி முன்பக்கம் திருப்பி அளவைக் குறைத்தார். வெயிலில் தலைகாட்டாதே, ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றார். பாய் அவனை நீலத்தொட்டியிலிருந்து எடுத்து உள்ளே துணி மடிக்கும் இடத்தில் போட்டார். ஏறிய நீலம் ஏறியதுதான். அது இறங்க வருஷக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னதை ராசப்பன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எழுபத்துநாலில் தெய்வாத்தாளுக்கு வெள்ளகோவில் பக்கம் இடம் அமைந்தது. ஆடு வளர்க்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா அப்புசாமி அதிகம் பேசாத மனுஷன். பெண் பார்க்க வந்தவர் சென்னியப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒடம்புக்கு என்னங்க?” என்று மட்டும் கேட்டார். “நீலத்தொட்டி வேலைங்க” என்று ராசப்பன் முந்திக்கொண்டான். அவர்கள் போனதும் மாமனைத் தனியே இழுத்தான்.

“மாமா, தொத்து நோய்னு நெனச்சுட்டா கல்யாணம் நிக்கும். அந்த மாத்திரையை நிறுத்து. பதினேழு வருசம் ஆச்சு, அந்தக் கொரலு செத்துத் தொலஞ்சிருக்கும். முகூர்த்தத்துக்குள்ள முகம் தெளிஞ்சுரும்.”

பொய் சொல்வானேன், சென்னியப்பனுக்கும் ஆசை இருந்தது. மகள் கையைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது மனுஷ முகத்தோடு நிற்கவேண்டும் என்ற ஆசை. அது தப்பா? அன்றிலிருந்து குப்பாயி கொடுத்த மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, கொல்லையில் துப்பினான். அவளுக்குத் தெரியாது.

பத்தாம் நாள் அக்கரையில் ஏதோ அசைந்தது.

பதினாறாம் நாள் படித்துறையில் நின்றது. இப்போது அதன் குரல் வேறாக இருந்தது. எங்கேயோ கேட்ட குரல். யாருடையது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தான். பிறகு தெரிந்தபோது கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான். அது தெய்வாத்தாளின் குரல். அதே இழுவை, அதே செல்லம்.

“அப்பா, நான் இன்னும் வெளுக்கலீங்க.”

மறுபடி மாத்திரையை விழுங்க ஆரம்பித்தான். அது வேலைசெய்ய வாரக்கணக்காகும் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. குப்பாயியிடம் சொல்ல வாயெடுப்பான், அவள் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள், வாயை மூடிக்கொள்வான். பாயிடம் போய், “கல்யாணம் முடியற வரைக்கும் தொட்டியெல்லாம் காலி பண்ணி வெச்சுருங்க” என்று கேட்டான். வருகிற குழந்தைகள் விழுந்துவிடக்கூடாது என்று கேட்கிறான் என நினைத்து, பாயும் எல்லாத் தொட்டியையும் காயவைத்தார். துணி காயும் களத்தில் பந்தல் போட்டார்கள்.

முகூர்த்த நாள் விடிந்தது. சென்னியப்பன் முகம் எள்ளளவும் தெளியவில்லை. அவன் பந்தலுக்கு வந்ததும் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சமையல்காரர்கள் பாத்திரம் கழுவ ஒரு தொட்டியை நிறைத்து வைத்திருந்தார்கள். பவுடர் தொட்டி. தண்ணீர் விளிம்புவரை அசையாமல் நின்றது.

தாரைவார்க்கக் கூப்பிட்டார்கள். மகள் கூறைச்சேலையில் நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்தான். குப்பாயி செம்பிலிருந்து தண்ணீரைச் சரித்தாள். அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தோடு சேர்ந்து தெய்வாத்தாளின் குரல் கேட்டது. எதிரே நின்ற தெய்வாத்தாளின் வாய் மூடியிருந்தது.

“அப்பா, நான் இன்னும் வெளுக்கலீங்க. வாங்க போலாம்.”

அவன் மகளின் கையைப் பிடித்தபடியே பந்தலைவிட்டு இறங்கினான். ஏதோ சாங்கியம் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். மகளும் அப்பன் கூப்பிட்ட பக்கம் நடந்தாள். பத்தடி, பதினைந்தடி. அவன் இன்னொரு கை தானாக எழுந்து, பதமாக, அவள் பின்கழுத்துக்குப் போயிற்று. விரல் தழும்பில் பட்டது.

வழவழவென்ற அந்தத் தோல் பட்டதும் சென்னியப்பன் நின்றான். தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தான். தொட்டி நாலடியில் இருந்தது. மகள் கையை உதறிவிட்டு, பெற்ற தாயைத் தேடும் பிள்ளைபோலக் கத்தினான்.

“குப்பாயி! என்னையப் பூட்டு! என்னைய எங்கியாச்சும் பூட்டு!”

மேளம் நின்றது. ராசப்பன் ஓடிவந்து, “ஒண்ணுமில்லீங்க, மயக்கமுங்க” என்று சமாளித்தான். சென்னியப்பன் அவனைத் தள்ளினான். தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன!

“மயக்கம் இல்லீங்க. எனக்குப் பைத்தியமுங்க. இந்த நீலம் அதுக்குத் தின்ன மாத்திரைங்க. மாத்திரைய நானாத்தான் நிறுத்துனேன். என்ற புள்ள தொட்டீல வுழுகலீங்க. நாந்தான் போட்டேன். இப்பவும் போடத்தான் கூட்டிட்டு வந்தேன். சம்மந்தி, எம்புள்ள மேல ஒரு குத்தமும் இல்லீங்க. என்னையப் பூட்டிட்டுத் தாலியக் கட்டுங்க.”

தெய்வாத்தாளின் கை மெதுவாகத் தன் பின்கழுத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. எல்லோரும் அப்புசாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“பூட்டுன்னு கேக்கற மனுசனுக்கு என்னங்க பைத்தியம்? பூட்டாம திரியறவனுகதான் ஊரு பூராக் கெடக்கறானுக” என்றார். கல்யாணச் சடங்கு நடத்தும் பெரியவர் பக்கம் திரும்பினார். “அருமைக்காரரே, நேரம் போகுது பாருங்க.”

பவுடர் டிரம் அடுக்கும் ரூம் களத்தின் மூலையில் இருந்தது. ஜன்னல் கிடையாது, காற்றுக்காகக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கை நுழையும் அளவு ஓட்டை ஒன்று, இடுப்பு உயரத்தில். பாய் பூட்டைக் கொண்டுவந்தார். தெய்வாத்தாள் அதை வாங்கினாள்.

“நான் பூட்டறனுங்க பாய்” என்றாள். அப்பனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமா, அழுகையா, அவளுக்கே தெரிந்திருக்காது. கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். அப்பன் இடத்தில் தாய்மாமன் ராசப்பன் நின்றான்.

உள்ளே கும்மிருட்டு. பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. சென்னியப்பன் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தான். உள்ளே வரும்போது யாரோ கையில் திணித்த அரிசி அட்சதை கைமுஷ்டியில் இருந்தது. வெளியே மேளம் உச்சத்துக்குப் போயிற்று. கெட்டிமேளம். அவன் ஏங்கி ஏங்கி அழுதான். பெற்ற மகளின் கல்யாணத்தைச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்கிறவன் வேறென்ன செய்வான்?

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

“அப்பா.”

அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

“அப்பா, தாலி ஏறிருச்சுங்க. தொறக்கட்டுங்களா? ஆசீர்வாதம் பண்ணோணுமல்லோ.”

எந்தத் தெய்வாத்தாள் இது? அதே இழுவை, அதே செல்லம். ஆற்றைத் தாண்டி வந்த அதுவும் இப்படித்தான் பேசியது. திறந்தால் நிற்பது மகளாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். மகளாகவே இருந்தாலும் தன் கை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எழுந்திருக்கவில்லை.

“தொறக்காதே” என்றான். “நீ யாரா இருந்தாலும் தொறக்காதே.”

வெளியே வளையல் சத்தம். ஓட்டைக்குக் கீழே யாரோ முட்டிபோட்டு உட்காரும் சத்தம். சென்னியப்பன் முஷ்டியோடு கையை ஓட்டை வழியாக வெளியே நீட்டினான். வெயில் அந்த நீலக் கையில் விழுந்தது. விரலைப் பிரித்தான், அரிசி உதிர்ந்தது. அதன் கீழே ஒரு தலை வந்தது. பூவும் நெய்யும் மணக்கும் தலை. வெளியிலிருந்து இன்னொரு கை அவன் விரலைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய், பின்கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டது.

உள்ளங்கை அகலம், வழவழவென்று, முடி முளைக்காத தோல். இந்தத் தடவை அவன் கையை எடுக்கவில்லை. அவன் போட்ட தழும்பேதான். மகளேதான்.

அப்போது முதுகுக்குப் பின்னால், டிரம்களுக்கு நடுவே இருட்டிலிருந்து, அதே குரல் வெகு நெருக்கமாகக் கூப்பிட்டது.

“அப்பா, நான் இன்னும் வெளுக்கலீங்க.”

சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தபடியே, முதல் தடவையாக அதற்கு மறுப்புச் சொன்னான்.

“வேண்டாங் கண்ணு. வெளுத்த வரைக்கும் போதும்.”